போன் செருகும் விஆர் ஹெட்செட்டை மறுவாழ்வு சிகிச்சையில் பயன்படுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

முன்பக்கம் ஒரு ஸ்மார்ட்போனைச் செருகி, இரண்டு லென்ஸ் வழியாகப் பார்க்கும் எளிய விஆர் (மெய்நிகர் உண்மை, அதாவது சுற்றிலும் செயற்கைக் காட்சி சூழ்ந்திருப்பதுபோல் காட்டும் முறை) ஹெட்செட்டைப் பற்றியது இந்த வழிகாட்டி. பிசியோதெரபிஸ்டுகள், ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவர்கள்), அவர்களிடம் பயிற்சி பெறுபவர்கள், வீட்டில் ஒருவருக்குத் துணையாக இருந்து பயிற்சியைத் தொடர வைப்பவர்கள் ஆகியோருக்காக எழுதியிருக்கிறேன்.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். நல்ல ஆப் எது என்று தேடுவார்கள், ஹெட்செட் வாங்குவார்கள், அப்புறம் யாருக்கு மாட்டலாம் என்று ஆள் தேடுவார்கள். நடக்க வேண்டியது நேர்மாறாக. முதலில் ஆள், அடுத்து அவருடைய குறிக்கோள், அதன்பின் அதை அளக்கும் முறை. ஆப் கடைசியில் வரும். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையிலேயே இருக்கின்றன. தாண்டிப் போனால் பின்னால் எங்கோ இடிக்கும்.

1. இந்தக் கருவிக்கு என்ன தெரியும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

போனில் உள்ள ஜைரோஸ்கோப்பும் (சுழற்சியை உணரும் சென்சார்) முடுக்கமானியும் (வேக மாற்றத்தையும் சாய்வையும் உணரும் சென்சார்) சேர்ந்து, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு குனிகிறது, எவ்வளவு சாய்கிறது என்று கணக்கிடுகின்றன. கருவிக்குத் தெரிவது அவ்வளவுதான். தலை முன்னே நகர்ந்ததா, ஆள் எழுந்தாரா, கை எங்கே இருக்கிறது, கண் எதைப் பார்க்கிறது என எதுவும் தெரியாது.

இதனால் மூன்று விளைவுகள். ஒன்று, உடலை முன்னே சாய்த்தால் காட்சி நெருங்கி வராது, கூடவே நகரும். மூளை எதிர்பார்ப்பது ஒன்று, கண் பார்ப்பது வேறு. குமட்டலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இரண்டு, கையை நீட்டி எட்டிப் பிடிக்கும் பயிற்சியை இதில் கண்காணிக்க முடியாது.

மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கழுத்து திரும்பினாலும் இடுப்போடு சேர்த்து உடலே திரும்பினாலும் போனுக்கு இரண்டும் ஒன்றுதான். கழுத்து அசையாமல் தோளைத் திருப்பியே ஒருவர் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். திரையில் வரும் எண்ணை நம்பாமல் ஆளைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

2. இது பொருந்தும் வேலையா என்று முடிவு செய்யுங்கள்

தலையைத் திருப்புவதும் பார்ப்பதும் மையமாக இருக்கும் வேலைகளுக்கு இது பொருந்தும். கழுத்து அசைவுப் பயிற்சி, ஓடும் காட்சிகளையோ கூட்டத்தையோ பார்த்தால் வரும் தலைச்சுற்றலுக்குப் படிப்படியாகப் பழக்குதல், பக்கவாதத்துக்குப் பின் ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடுபவர்களுக்குத் தேடிப் பார்க்கும் பயிற்சி, வலி மிகுந்த சிகிச்சையின்போது கவனத்தைத் திருப்புதல் ஆகியவை அந்த வகை.

கை இயக்கம், விரல் நுணுக்கம், நடை போன்றவற்றுக்கு இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கைக்கால் இழந்தவரின் மாய உறுப்பு வலிக்கு (இல்லாத உறுப்பில் உணரும் வலி) கண்ணாடி சிகிச்சை, அதாவது நல்ல உறுப்பின் பிம்பத்தை இழந்த உறுப்பின் இடத்தில் காட்டுவது, செய்ய நினைத்தால், மேசையில் நிறுத்திய சாதாரணக் கண்ணாடியே மேல். அது கையின் அசைவைத் தாமதமின்றிக் காட்டும், போனால் அது முடியாது.

தலையை வேகமாக அசைத்துக்கொண்டே ஒரு எழுத்தைப் பார்க்கும் பார்வை நிலைப்படுத்தல் பயிற்சிக்கும் என் தேர்வு சுவரில் ஒட்டிய எழுத்துதான். தலை அசைவதற்கும் காட்சி மாறுவதற்கும் இடையிலான தாமதம் சுமார் 20 மில்லிசெகண்டுக்குள் இருந்தால்தான் காட்சி நிலையாகத் தோன்றும். சாதாரணப் போன்கள் பலவற்றால் வேகமான அசைவில் அந்த அளவைத் தக்கவைக்க முடிவதில்லை.

பலன் பற்றி ஒரு வார்த்தை. 2017-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பினுடையது), பக்கவாதத்துக்குப் பிந்தைய விஆர் பயிற்சி பற்றிய 72 ஆய்வுகளை, மொத்தம் 2470 பேரை, சேர்த்துப் பார்த்தது. திரை விளையாட்டுகளும் அதில் அடக்கம். வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக விஆர் கொடுத்தபோது கை இயக்கத்தில் கூடுதல் பலன் தெரியவில்லை. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து, மொத்தப் பயிற்சி நேரம் கூடும்படி கொடுத்தபோது தெரிந்தது. எனவே ஏற்கெனவே நடக்கும் பயிற்சியின் நேரத்தைக் குறைத்து இதைச் செருகாதீர்கள்.

3. யாருக்கு மாட்டக் கூடாது என்று சலித்தெடுங்கள்

இந்தக் கேள்விகளை ஹெட்செட்டைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கருவியைப் பார்த்த ஆர்வத்தில், “அதெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு.

வலிப்பு வந்த வரலாறு, குறிப்பாக மின்னும் ஒளியால் வந்தது, இருந்தால் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் தொடங்க வேண்டாம். வினாடிக்கு 3 முதல் 30 முறை மின்னும் ஒளி தூண்டக்கூடியது என்பதால், மற்றவர்களுக்கும் மின்னும் காட்சி இல்லாத ஆப்பையே எடுங்கள்.

பேஸ்மேக்கர் போன்ற இதயக் கருவி பொருத்தியவரா என்று கேளுங்கள். காந்தப் பொத்தான் உள்ள ஹெட்செட்டுகள் உண்டு, சில போன்களிலும் காந்தம் உண்டு. அவற்றைப் பொருத்திய கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். முகத்தில் மாட்டியிருக்கும்போது தூரம் போதும். கழற்றி மார்போடு அணைத்துப் பிடிக்கும்போதுதான் சிக்கல். ஆகவே கழற்றுவதும் வாங்கி வைப்பதும் உங்கள் வேலையாக இருக்கட்டும்.

போனும் ஹெட்செட்டும் சேர்ந்து சுமார் அரை கிலோ வரை எடை வரும், அத்தனையும் முகத்துக்கு முன்னால். கழுத்தெலும்பு நிலையாக இல்லாதவர்கள், அண்மையில் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கழுத்தைத் தாங்கும் வலு இல்லாதவர்கள் ஆகியோருக்கு இந்த எடையே தடை. முகத்தில் ஆறாத புண், கண் தொற்று, அண்மையில் கண் அறுவை சிகிச்சை, குழப்பமான மனநிலை, ஏற்கெனவே இருக்கும் குமட்டல் ஆகியவற்றுக்கும் தள்ளிப்போடுங்கள். சிறுவர்களுக்கு 13 வயது என்ற எல்லையைப் பல தயாரிப்பாளர்கள் வைக்கிறார்கள். கையேட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

தலைச்சுற்றல் என்று வருபவர்களிடம் இன்னொரு படியும் உண்டு. படுக்கையில் புரளும்போது சில வினாடிகள் மட்டும் சுற்றுகிறது என்றால், உள்காதில் துகள்கள் இடம் மாறியதால் வரும் சுற்றலா என்று டிக்ஸ்-ஹால்பைக் சோதனை (தலையைத் திருப்பியபடி வேகமாகப் படுக்க வைத்துக் கண் அசைவைப் பார்ப்பது) செய்யுங்கள். அப்படி இருந்தால், தலையை வரிசையாகத் திருப்பித் துகள்களை அவற்றின் இடத்துக்குக் கொண்டுபோகும் எப்லி போன்ற நிலைமாற்ற முறைகள்தான் தீர்வு. அவருக்கு ஹெட்செட் மாட்டுவது வீண் வேலை.

4. தேவையான பொருட்களைத் திரட்டுங்கள்

போனில் ஜைரோஸ்கோப் இருக்க வேண்டும். விலை குறைந்த மாடல்களில் இது விடுபட்டிருப்பது சகஜம். 360 டிகிரி வீடியோ ஒன்றைத் திறந்து, போனைக் கையில் பிடித்தபடி மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். காட்சி வழுக்கிக்கொண்டு கூடவே வந்தால் சரி. விட்டுவிட்டுத் துள்ளினாலோ அசையாமல் நின்றாலோ அந்தப் போன் ஆகாது.

திரை முழு எச்டி தெளிவுக்குக் குறையாமல் இருக்கட்டும். லென்ஸ் திரையைப் பெரிதாக்கிக் காட்டுவதால், கையில் பார்க்கும்போது நன்றாக இருக்கும் திரைகூட உள்ளே கட்டம் கட்டமாகத் தெரியும். போன் ஹெட்செட்டின் தட்டில் அடங்குகிறதா, பக்கவாட்டுப் பொத்தான்களைக் கவ்வி அழுத்துகிறதா என்றும் செருகிப் பாருங்கள். அமர்வின் நடுவே திரை அணைவதற்கு அழுந்திய பவர் பொத்தான்தான் பாதி நேரம் காரணம்.

ஹெட்செட்டில் லென்ஸ்களின் இடைவெளியை மாற்றும் வசதி உள்ளதையே எடுங்கள். பெரியவர்களின் கண்மணிகளுக்கு இடையிலான தூரம் சராசரியாக 63 மி.மீ., ஆனால் ஆளுக்கு ஆள் கணிசமாக மாறும். லென்ஸ் மையமும் கண் மையமும் விலகினால் மங்கலும் தலைவலியும் வரும். தலைக்கு மேல் ஒரு பட்டையும், ஈரம் உறிஞ்சாத முகப்பஞ்சு உறையும் வேண்டும். அட்டைப் பெட்டி வகையைத் துடைத்துச் சுத்தம் செய்ய முடியாது. அதைப் பயன்படுத்துவதானால் ஒருவருக்கு ஒன்று.

நாற்காலி கைப்பிடியுடன், நான்கு கால் ஊன்றியதாக இருக்கட்டும். விஆர் என்றதும் சுழலும் நாற்காலியைக் கொண்டு வந்து போடுபவர்களைப் பார்க்கிறேன். வேடிக்கைக்கு அது சரி. கழுத்துப் பயிற்சியில் அது வேலையைக் கழுத்திடமிருந்து பறித்துவிடும்.

இவை தவிர ஒரு கோனியோமீட்டர் (மூட்டு திரும்பும் கோணத்தை அளக்கும் கருவி), நிறுத்தக் கடிகாரம், வாந்தி எடுத்தால் ஏந்த ஒரு பை, பதிவேடு. போன் சிகிச்சைக்கென்றே தனியாக இருப்பது நல்லது. சொந்தப் போனில் வரும் செய்தி நோயாளியின் கண்முன் ஆளுயரத்துக்கு விரியும்.

5. போனைத் தயார் செய்யுங்கள்

இந்தப் படியை நோயாளி வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அவரை உட்கார வைத்துக்கொண்டு ஆப் அப்டேட் செய்தால் நேரமும் போகும், நம்பிக்கையும் போகும்.

முதலில் காட்சிகளைப் போனுக்குள் பதிவிறக்குங்கள். இணையத்தில் ஓடும் வீடியோ இடையில் நின்றால், தலை திரும்பியும் காட்சி திரும்பாமல் உறையும். இலவச ஆப்களில் வரும் விளம்பரமும் இணையம் இல்லாவிட்டால் பெரும்பாலும் வராது. அடுத்து விமானப் பயன்முறை, அதன்பின் தேவைப்பட்டால் வைஃபையை மட்டும் திரும்ப இயக்குங்கள். போன் திரையை டிவியிலோ டேப்லெட்டிலோ பிரதிபலிக்க அது வேண்டும். நோயாளி எதைப் பார்க்கிறார் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்கள் வெறும் பார்வையாளர். “இடது பக்கம் பாருங்கள்” என்று சொல்லக்கூட முடியாது.

அப்புறம் தொந்தரவு செய்யாதே பயன்முறை, தானாக அணையும் நேரத்தை நீட்டித்தல், தானியங்கி வெளிச்சத்தை நிறுத்தி நடுத்தர அளவில் வைத்தல். ஹெட்செட் உள்ளே இருட்டு என்பதால் தானியங்கி வெளிச்சம் திரையை மங்கலாக்கிவிடும்.

லென்ஸ் அமைப்பை மறக்காதீர்கள். பல ஹெட்செட்டுகளின் மேல் ஒரு கியூஆர் குறி இருக்கும். ஆப்பின் அமைப்புகளில் அதை ஸ்கேன் செய்தால், அந்த லென்ஸுக்கு ஏற்றபடி ஆப் படத்தை வளைத்துக் கொடுக்கும். இதை விட்டுவிட்டால் நேர்கோடுகள் வளைந்து தெரியும், தலையைத் திருப்பும்போது ஓரங்கள் நீந்தும். “விஆர் என்றாலே எனக்குத் தலை சுற்றும்” என்று சொல்பவர்களில் சிலருக்குப் பிரச்சினை இந்த ஒரு அமைப்பு மட்டுமே.

கடைசியாக நகர்வுச் சோதனை. காட்சியை ஓடவிட்டு, ஹெட்செட்டை மேசைமேல் ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். காட்சி தானாக மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் சென்சார் விலகுகிறது என்று பொருள். இரும்புக் கட்டில், ஸ்பீக்கர், காந்தம் ஆகியவற்றிலிருந்து தள்ளி வைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் நகர்ந்தால் கோண அளவு எடுக்கும் பயிற்சிக்கு அந்தப் போனைப் பயன்படுத்தாதீர்கள்.

சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், ஆனால் சார்ஜ் ஏற்றிக்கொண்டே ஓட்ட வேண்டாம். போன் சூடானால் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும், காட்சி தத்தும், அடுத்த நிமிடம் குமட்டல். பின்னுறையைக் கழற்றிவிடுவதும் இதற்காகவே.

இவ்வளவும் முடிந்ததும் நீங்களே மாட்டிக்கொண்டு, நோயாளிக்குக் கொடுக்கப் போகும் அதே காட்சியை அதே நேரம் முழுதும் பாருங்கள். இடையில் கேமரா திடீரென்று ஓடுகிறதா, அலறல் வருகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

6. அளவெடுங்கள், அதுவும் ஹெட்செட் இல்லாமல்

தொடக்க அளவு இல்லாமல் தொடங்கினால், பத்து அமர்வுக்குப் பிறகு கையில் இருப்பது “நன்றாக இருந்தது” என்ற சொல் மட்டும்தான். ஹெட்செட்டின் எடை தலையின் சமநிலையை மாற்றுவதால் அளவை வெறும் தலையில் எடுக்க வேண்டும்.

கழுத்துக்கு: கோனியோமீட்டரில் இரு பக்கத் திருப்பம், வலி 0 முதல் 10 வரை. கழுத்தின் நிலை உணர்வு (தலை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்க்காமலே உணர்வது) வேண்டுமானால், தலையில் லேசர் பொருத்தி 90 செ.மீ. தொலைவில் உள்ள இலக்கைப் பார்க்கச் சொல்லி, கண்ணை மூடித் தலையைத் திருப்பி மீண்டும் நேராகக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிழை 4.5 டிகிரிக்கு, அதாவது அந்தத் தொலைவில் சுமார் 7 செ.மீ.க்கு மேல் போனால் கவனிக்க வேண்டியது.

தலைச்சுற்றலுக்கு: எந்த இடம், எந்தக் காட்சி தூண்டுகிறது என்ற பட்டியல், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பு. ஒரு பக்கத்தைக் கவனிக்காதவருக்கு: தாளில் சிதறிக் கிடக்கும் குறிகளை அடிக்கச் சொல்லும் சோதனை.

எல்லோருக்கும் பொதுவாக, தொடங்கும் முன் குமட்டல், தலைச்சுற்றல், கண் சோர்வு எவ்வளவு என்று 0 முதல் 10 வரை கேட்டுக் குறித்துவிடுங்கள். விரிவாக வேண்டுபவர்கள் 1993-இல் வெளியான 16 அறிகுறிகள் கொண்ட சிமுலேட்டர் சிக்னஸ் (செயற்கைக் காட்சியால் வரும் குமட்டல், தலைச்சுற்றல்) வினாத்தாளைப் பயன்படுத்தலாம். தொடக்கத்திலேயே குமட்டல் 3 இருந்தவருக்கு முடிவில் 4 என்றால் கருவியின் பங்கு 1 மட்டும். தொடக்க எண் இல்லாவிட்டால் பழி முழுதும் கருவிமேல் விழும்.

7. மாட்டிவிடுங்கள்

சொல்லாமல் தொடாதீர்கள். ஹெட்செட் மாட்டியவருக்கு உங்கள் கை எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. “உங்கள் வலது தோளில் கை வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வையுங்கள். வலியோ பயமோ உள்ளவர்கள் திடுக்கிட்டால் கழுத்து முதலில் இறுகும்.

பட்டையை மாட்டும் முன் நிறுத்தும் அடையாளத்தைப் பேசி வையுங்கள். “போதும்” என்ற சொல்லோடு ஒரு கை அசைவும் வேண்டும், ஏனெனில் குமட்டும்போது பேச வராது. பக்கவாதத்தால் பேச்சு பாதித்தவருக்கு நல்ல பக்கத்துக் கையால் தொடையைத் தட்டுவதுபோல் வைத்து, ஒருமுறை செய்யச் சொல்லிப் பாருங்கள்.

முகத்தோடு முதலில் ஹெட்செட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மேல் பட்டையை இறுக்கி, அதன் பிறகு பக்கப் பட்டை. எடையை மேல் பட்டைதான் தாங்க வேண்டும். பக்கப் பட்டையை மட்டும் இறுக்கினால் மூக்கும் கன்னமும் எடையைச் சுமக்கும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடு மாட்ட முடிகிறதா என்று பாருங்கள். லென்ஸில் உரசினால் இரண்டும் கீறும்.

அடுத்து தெளிவு. அசையாத எழுத்து உள்ள ஒரு திரையை வைத்து, எழுத்து ஒன்றாகத் தெரிகிறதா, இரண்டாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். இரண்டாகத் தெரிந்தால் லென்ஸ் இடைவெளியை மாற்றுங்கள். மாற்றியும் இரண்டாகவே தெரிந்தால் இன்று வேண்டாம், கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

ஒலி மெல்லியதாக, முடிந்தால் ஒரு காதில் மட்டும். உங்கள் குரல்தான் அவருக்குத் தரை.

8. முதல் அமர்வு: சின்னதாக, சலிப்பாக

முதல் அமர்வில் சிகிச்சை செய்ய வேண்டாம். கருவியை அவரால் தாங்க முடிகிறதா என்று பார்ப்பது மட்டுமே வேலை. ஆர்வத்தில் நேரடியாக விளையாட்டுக்குப் போய், குமட்டலோடு வீட்டுக்கு அனுப்பினால் அவர் இரண்டாம் முறை வரமாட்டார். வந்தாலும் பட்டையைத் தொட்டதுமே குமட்டும்.

உட்கார்ந்த நிலையில், பாதம் தரையில், முதுகு நாற்காலியில். கேமரா அசையாத காட்சி ஒன்று: ஒரு கடற்கரை, ஒரு தோட்டம், எதுவானாலும் சரி. அடிவானம் தெரிந்தால் நல்லது. காட்சியின் மையத்தை அவர் முகத்துக்கு நேராகச் சரிசெய்துவிட்டு, முப்பது விநாடி எதுவும் செய்யாமல் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மெல்ல இடது, மெல்ல வலது, மேலே, கீழே. ஒவ்வொரு திசைக்கும் இடையில் எண் கேளுங்கள்.

இரண்டு நிமிடம் முடிந்ததும் கழற்றி ஓய்வு, அப்புறம் இன்னொரு இரண்டு நிமிடம். முதல் நாளுக்கு அது போதும். “இன்னும் கொஞ்சம்” என்று அவர் கேட்கும்போதே நிறுத்துங்கள். அறிகுறி சிலருக்குக் கழற்றிய பிறகுதான் ஏறும்.

எண் தொடக்கத்தைவிட 2-க்கு மேல் ஏறினால் நிறுத்த வேண்டும். முடிந்து 15, 20 நிமிடத்தில் தொடக்க அளவுக்கு இறங்கிவிட்டால் அளவு சரி. அதற்கு மேல் நீடித்தால் அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள்.

9. அளவைக் கூட்டுவது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். நேரம், அசைவின் வேகம், காட்சியின் நெரிசல், உடலின் நிலை என நான்கு திருகுகள் இருக்கின்றன. இரண்டைச் சேர்த்துத் திருகினால் குமட்டல் எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

கழுத்து வலி உள்ளவருக்கு: வலியில்லாமல் 50 டிகிரி திரும்புகிறார் என்றால் இலக்குகளை 40 டிகிரியில் வையுங்கள். எல்லைக்குள் பலமுறை வெற்றி கண்ட பிறகே எல்லையை நகர்த்த வேண்டும். நீண்ட நாள் வலியில் அசைவைவிட அசைவின்மேல் உள்ள பயம் பெரிதாக இருக்கும், அதனால்தான் இந்த வரிசை. இலக்கின் கோணத்தை மாற்ற முடியாத ஆப் இந்த வேலைக்கு உதவாது. பயிற்சி முழுதும் நீங்கள் பின்னால் நின்று தோள்களைக் கவனியுங்கள். தோள் திரும்பினால் அந்த முறை கணக்கில் வராது.

காட்சியால் தலைச்சுற்றல் வருபவருக்கு: அவருடைய பட்டியலில் மிகக் குறைந்த எண் உள்ள காட்சியிலிருந்து தொடங்குங்கள். காலியான நடைபாதை, சிலர் நடக்கும் நடைபாதை, அலமாரிகள் நிறைந்த கடை, கூட்டமான நிலையம் என்று போகலாம். இங்கே லேசான தலைச்சுற்றல் வருவதுதான் பயிற்சி. ஒன்றுமே வராத காட்சி எதையும் பழக்காது. 2 வரை ஏறி இறங்கும்படி காட்சியைத் தேர்ந்தெடுங்கள். உட்கார்ந்து இது சுலபமான பிறகு நிற்கலாம். நிற்பது என்றால் அறையின் மூலையில், இரு பக்கச் சுவர் அருகே, முன்னால் ஒரு கனமான நாற்காலி, இடுப்பில் பிடிப்பட்டை, அதைப் பிடித்தபடி நீங்கள். கண் மறைந்தவர் தடுமாறினால் கையை எங்கே ஊன்றுவது என்று அவருக்குத் தெரியாது. விஆருடன் நடக்க விடாதீர்கள்.

ஒரு பக்கத்தைக் கவனிக்காதவருக்கு: பெரும்பாலும் இடது பக்கம்தான் விடுபடும். இலக்கை அவர் கவனிக்கும் பக்கத்தில் தொடங்கி, மையத்துக்குக் கொண்டுவந்து, பிறகு இடப்பக்கம் பத்து பத்து டிகிரியாகத் தள்ளுங்கள். கண்ணின் அசைவு போனுக்குத் தெரியாததால், இலக்கு முகத்துக்கு நேராக வரும்வரை தலையைத் திருப்பினால் மட்டுமே வெற்றி என்று அமைத்த ஆப் வேண்டும். தேடி முடித்ததும் ஹெட்செட்டைக் கழற்றி, அதே வேலையை மேசைமேல் உண்மையான பொருட்களோடு உடனே செய்ய வையுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஹெட்செட்டுக்குள் இடப்பக்கம் தேடியவர், தட்டில் இடப்பக்கம் உள்ள சாப்பாட்டைத் தேடுவார் என்று தானாக நம்ப முடியாது.

வலியிலிருந்து கவனத்தைத் திருப்ப: புண்ணுக்குக் கட்டு மாற்றுவதற்கும் இறுகிய மூட்டை நீட்டுவதற்கும் இது உதவும். சிகிச்சை தொடங்கும் இரண்டு நிமிடத்துக்கு முன்பே காட்சியைத் தொடங்கிவிடுங்கள். வலி ஏற்கெனவே ஏறிய பிறகு மாட்டினால் கவனம் திரும்பாது. சும்மா பார்க்கும் காட்சியைவிட ஏதாவது செய்ய வைக்கும் ஆட்டம் கவனத்தை அதிகம் இழுக்கும்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. வலி என்பது திசுவின் காவல்காரன். அந்தக் குரல் மங்கியிருக்கும்போது மூட்டை நீட்டினால் எல்லை தாண்டியது யாருக்கும் தெரியாது. எத்தனை டிகிரி வரை நீட்டப் போகிறோம் என்று மாட்டும் முன்பே கோனியோமீட்டரில் முடிவு செய்து, அங்கேயே நிறுத்துங்கள். படுத்திருப்பவருக்கு இன்னொரு சிக்கல்: பல காட்சிகளில் அவருக்கு வானம் மட்டுமே தெரியும். மேல்நோக்கி மையப்படுத்த முடிகிற ஆப்பைத் தேடுங்கள், அல்லது கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள்.

10. குமட்டல் வந்தால்

முதலில் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஹெட்செட்டைப் பிடுங்குவதைவிட இது வேகம், காட்சி அந்த நொடியே நின்றுவிடும். பாதம் தரையில் அழுந்தி இருக்கட்டும், கை நாற்காலிப் பிடியில். பிறகு நீங்கள் கழற்றி, தூரத்தில் அசையாத ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர், காற்று. எழுந்து நடப்பது அறிகுறி அடங்கிய பிறகுதான்.

காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்: போன் சூடாக இருக்கிறதா, லென்ஸ் அமைப்பு சரியா, லென்ஸ் இடைவெளி சரியா, காட்சியில் கேமரா நகர்ந்ததா, நேரம் கூடிவிட்டதா. நோயாளியின் உடல்வாகு பட்டியலில் கடைசி. மற்ற ஐந்தும் நம் கையில் இருப்பவை.

கடுமையான தலைவலி, பார்வை நீடித்து இரட்டையாகத் தெரிவது, முகமோ கையோ திடீரென்று தளர்வது, பேச்சு குழறுவது ஆகியவை விஆர் குமட்டல் கிடையாது. உடனே அவசர மருத்துவ உதவிக்கு அனுப்புங்கள்.

11. கழற்றிய பிறகு

பதினைந்து, இருபது நிமிடம் உட்கார வைத்து, மறுபடி எண் கேட்ட பிறகே அனுப்புங்கள். அறிகுறி முழுதும் அடங்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

முகப்பஞ்சு உறையையும் பட்டையையும் 70 சதவீத ஆல்கஹால் துடைப்பானால் துடைத்து உலர விடுங்கள். லென்ஸை அதனால் துடைக்காதீர்கள், பிளாஸ்டிக் மங்கும். அதற்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. லென்ஸை வெயில் படும்படி வைத்தால் குவிந்த ஒளி போன் திரையைக் கருக்கும், மூடி வையுங்கள்.

12. வீட்டுக்குக் கொடுப்பதானால்

உங்கள் முன்னால் அறிகுறி கட்டுக்குள் இருந்த அமர்வுகள் தொடர்ச்சியாகச் சில முடிந்த பிறகே வீட்டுப் பயிற்சி. உட்கார்ந்து செய்வது மட்டும். துணைக்கு ஒருவர் அறையிலேயே இருக்க வேண்டும். அந்தத் துணைவரையும் ஒருமுறை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே என்ன தெரிகிறது என்று அனுபவித்தவர்தான் வெளியிலிருந்து சரியாக வழிநடத்துவார்.

ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்தக் காட்சி, எத்தனை நிமிடம், ஒரு நாளில் எத்தனை முறை, எந்த எண்ணில் நிறுத்துவது. “முடிந்தவரை செய்யுங்கள்” என்று சொல்லி அனுப்பினால், ஆர்வமுள்ளவர் அரை மணி நேரம் செய்வார், பயந்தவர் பெட்டியையே திறக்கமாட்டார்.

வீட்டில் வேறு போனைச் செருகுவார்கள் என்பதையும் எதிர்பாருங்கள். அவருடைய போனிலேயே நீங்கள் 5-ஆம் படியை முழுதும் செய்து, லென்ஸ் அமைப்பை ஏற்றிக் கொடுங்கள்.

13. பதிவேட்டில் என்ன எழுதுவது

தேதி, காட்சியின் பெயர், நிமிடம், உடல் நிலை, தொடக்க எண், உச்ச எண், அடங்க ஆன நேரம். இத்தனை இருந்தால் போதும். இலவச ஆப்பில் நோயாளியின் பெயரையோ நோயையோ பதியாதீர்கள், அந்தத் தகவல் எங்கே போகிறது என்று உங்களால் கட்டுப்படுத்த முடியாது. எண் ஒன்றைக் கொடுத்து, பெயரை உங்கள் பதிவேட்டில் மட்டும் வையுங்கள்.

6-ஆம் படியில் எடுத்த அளவை ஆறு அமர்வுக்கு ஒருமுறை, ஹெட்செட் இல்லாமல், மறுபடி எடுங்கள். ஆப்பில் மதிப்பெண் ஏறி, கோனியோமீட்டரிலோ தாள் சோதனையிலோ ஒன்றும் நகரவில்லை என்றால், அவர் ஆட்டத்தில் தேறியிருக்கிறார், அவ்வளவுதான். இலக்குகளை மாற்றி இன்னும் சில அமர்வு பாருங்கள். அப்போதும் அசையாவிட்டால் கருவியை எடுத்து வைத்துவிட்டு அந்த நேரத்தை வழக்கமான பயிற்சிக்குக் கொடுங்கள்.

இன்னொன்று, எந்தப் போன், எந்த ஹெட்செட் என்பதையும் எழுதி வையுங்கள். இரண்டில் ஒன்று மாறினாலும் தாமதமும் லென்ஸும் மாறும். கடந்த வாரம் பத்து நிமிடம் தாங்கியவர் புதிய போனில் மூன்று நிமிடத்தில் குமட்டலாம். மாற்றிய நாளில் பாதி நேரத்திலிருந்து தொடங்குங்கள்.